விடுதலை என்று நீங்கள் கண்டது என்ன? யாழ்ப்பாணத்திலிருந்து சில அனுபவங்கள்

சுண்டிக்குளியிலிருந்து (தொடக்கப் பதிவு)

கலாத்தியர் 5:1 எங்கள் வீடுகளில் பலருக்கு மனப்பாடம். கிறிஸ்து நம்மை விடுதலையாக்கினார், இனி எந்த நுகத்துக்கும் கழுத்தைக் கொடுக்காதீர்கள் என்று பவுல் சொல்லும் வசனம். நாட்காட்டியில் இருக்கிறது, சுவரில் தொங்குகிறது, ஞாயிறு ஆராதனையில் யாராவது ஒருவர் ஜெபத்தில் சொல்லுகிறார். அப்படிச் சொல்லும்போது மனதுக்குள் வரும் ஒரு நிம்மதியைத்தான் பெரும்பாலும் எண்ணுகிறோம். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே பவுலுக்குக் கோபம் வந்தது ஒரு சாப்பாட்டுப் பந்தியினால்.

அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டு வந்தார். பிறகு எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்தார்கள். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்துதான் விலகினார் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். பர்னபாவும்கூட அந்தப் பக்கம் இழுபட்டார். பவுல் எல்லாருக்கும் முன்னால் பேதுருவைக் கேட்டுவிட்டார். ஐந்தாம் அதிகாரத்தின் விடுதலை இந்தச் சண்டைக்குப் பிறகு வருகிறது. உயிர்த்த ஆண்டவரைக் கண்ணால் கண்ட பேதுரு, சிறைக்கும் சவுக்கடிக்கும் போய் வந்த பேதுரு, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்குப் பயந்தார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

என் அப்பம்மா தென்மராட்சியில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய சபையில் எல்லாச் சாதியினரும் இருந்தார்கள். திருவிருந்துக்கு ஒரே இடத்தில் முழங்கால் படியிட்டு ஒரே கிண்ணத்தில் குடித்தார்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் நடைமுறை வேறு. வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று ஒரு பேணி கோடிப்பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். காலையில் பக்கத்தில் முழங்காலில் நின்று அதே கிண்ணத்தில் வாய் வைத்த பெண்மணி, பின்னேரம் அந்தப் பேணியில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. 1929ஆம் ஆண்டளவில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான இருக்கை என்று வந்தபோது யாழ்ப்பாணத்தில் எவ்வளவு எதிர்ப்புக் கிளம்பியது என்பது வரலாறு. கிறிஸ்தவ வீடுகள் அந்தக் காற்றுக்கு வெளியே இருக்கவில்லை.

அறுபதுகளில், தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் உரிமைக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், என் பெரிய மாமியின் கலியாணம் நடந்தது. முதற்பந்தியில் அப்பம்மா அந்தப் பெண்மணியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து தனக்குப் பக்கத்தில் இருத்தினார். இரண்டு மச்சாள்மார் இலையில் கை வைக்காமல் எழுந்து போனார்கள். அப்பப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதமா இல்லையா என்றுகூட அப்பம்மாவுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நெடுங்காலம் சில வீடுகளிலிருந்து எங்களுக்கு நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அப்பம்மா இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால்தான் சொல்வார். "அண்டைக்குத்தான் எனக்குப் பயம் விட்டது" என்பார். அதற்கு முன்பும் அவர் ஜெபம் தவறாதவர், வேதம் வாசிக்கிறவர். ஆனால் பயம் விட்டது அன்றைக்குத்தான் என்பார். அவருடைய சாட்சி அதுதான், நான் கேட்ட சாட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

விசுவாசத்தில் விடுதலை என்று நீங்கள் உண்மையில் கண்டது எது? பிரசங்கத்தில் கேட்டதை எழுத வேண்டாம். உங்களுக்கு, உங்கள் வீட்டில், நடந்ததை எழுதுங்கள். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, பெந்தகொஸ்தே, யாராக இருந்தாலும் சரி.

அச்சுவேலியிலிருந்து

அக்கா, அந்தப் பந்தியின் மற்றப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் அப்பம்மாவுக்குப் பயம் விட்டது. அது பெரிய காரியம், நான் மதிக்கிறேன். ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருத்தப்பட்ட அம்மாவுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? எல்லாரும் பார்க்க, இரண்டு பேர் எழுந்து போக, தொண்டையில் சோறு இறங்கியிருக்குமா? இதை நான் குறையாகக் கேட்கவில்லை. அந்த அம்மாவைப்போல ஒருவர்தான் என் அம்மம்மா. அவருடைய கதையும் இங்கே இருக்க வேண்டும்.

என் அம்மம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவர். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் பெண் அவர்தான். அவருக்கு வாசிக்கக் கொடுத்த புத்தகம் வேதம்தான், அதனால் அவர் அதை மற்றவர்கள் வாசிப்பதுபோல வாசிக்கவில்லை. கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை, யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்கிற இடத்தை, தனக்கு வந்த கடிதம்போல வாசிப்பார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள் என்று அதற்கு முந்தின வசனம் சொல்கிறது. "அவையள் என்னைக் கூப்பிட்டு இருத்தவேணும் எண்டு ஆண்டவர் காத்துக்கொண்டு இருக்கேல்லை. ஆண்டவர் என்னை எப்பவோ இருத்திப்போட்டார்" என்பார்.

அவர் செய்தது இது. யாருடைய வீட்டுக்கும் பின் படலையால் போக மாட்டேன் என்று முடிவெடுத்தார். முன் படலையால் வரச் சொன்னால் வேலைக்கு வருவார், இல்லையென்றால் இல்லை. அதனால் வேலை குறைந்தது, வீட்டில் பட்டினி வந்தது. அம்மம்மாவின் அண்ணன்மாரே அவரைப் பேசினார்கள், ஏன் இந்தத் திமிர் என்று. தேவாலயத்தில் ஒருநாள் அவர் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போய் முன் வாங்கில் இருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பின்னால் இருப்பது எழுதாத சட்டம். ஒருவரும் எழுப்பவில்லை. ஒருவரும் பக்கத்திலும் வந்து இருக்கவில்லை. அந்த வாங்கில் மூன்று பேரும் தனியே இருந்து பாடினார்கள். அதற்கு அடுத்த கிழமையும் அதே வாங்குதான். மெல்ல மெல்ல வேறு குடும்பங்களும் வந்து இருக்கத் தொடங்கின.

ஆகவே, அக்கா, என் அனுபவத்தில் மேலே இருப்பவர் பயத்திலிருந்து வெளியே வருவது ஒரு விடுதலை. கீழே தள்ளப்பட்டவர், தான் கீழானவர் என்று தன்னை நம்பவைத்த பொய்யிலிருந்து வெளியே வருவது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி நம் பிரசங்கிகள் பேசுவது மிகக் குறைவு. தாழ்மையாக இருங்கள் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்லிவிடுகிறார்கள். என் அம்மம்மாவுக்குத் தாழ்மையைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

சுண்டிக்குளியிலிருந்து

தம்பி, இதைப் படித்துவிட்டு என் பெரிய மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். அன்றைக்குப் பந்தியில் அந்த அம்மா அரைவாசிதான் சாப்பிட்டாராம். ஆனால் எழும்பவில்லையாம், கடைசி ஆள் எழும்பும்வரை இருந்தாராம். மாமிக்கு இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. உங்கள் அம்மம்மாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.

இளவாலையிலிருந்து

நான் கத்தோலிக்கப் பெண். என் கதையில் சாதியும் இல்லை, ஊரும் இல்லை. நானும் கடவுளும் மட்டும்தான், அதுதான் சிக்கலும்.

எனக்குப் பதினைந்து பதினாறு வயதிலிருந்து பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, பெரிய வேதனையாகிவிட்டது. சொன்ன பாவத்தைச் சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம். திரும்பப் போய்ச் சொல்வேன். வெளியே வந்ததும், சொல்லும்போது உண்மையாக மனஸ்தாபப்பட்டேனா என்ற சந்தேகம். நன்மை (திருவிருந்து) எடுக்க வரிசையில் நிற்கும்போது கை நடுங்கும். தகுதியில்லாமல் எடுத்தால் அது இன்னொரு சாவான பாவம் என்று பயந்து பாதி வரிசையில் திரும்பி வந்து இருந்துவிடுவேன். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போகாமல் விட்டேன். அந்தக் கிழமை அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்தது. நான்தான் காரணம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வருடக்கணக்காக நம்பினேன். வெளியே பார்ப்பவர்களுக்கு நான் பக்தியான பிள்ளை. கோயில் கூட்டுவது, பூ வைப்பது, செபமாலை சொல்லிக் கொடுப்பது எல்லாம் நான்தான்.

இது என் ஒருத்திக்கு மட்டும் வந்த நோய் இல்லை என்று பிற்காலத்தில்தான் அறிந்தேன். புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இருந்தபோது இதே வேதனையில் செத்துவிடலாமா என்று எண்ணும் அளவுக்குப் போனார். லூத்தரும் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்து, கேட்கும் குருவையே களைக்கப் பண்ணியவர். ஒருவர் கத்தோலிக்கத்தின் பெரிய புனிதர், மற்றவர் சீர்திருத்தத்தைத் தொடக்கியவர். இருவரும் ஒரே குழியில் விழுந்து எழும்பியவர்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எனக்கு உதவியவர் ஒரு வயதான சுவாமி, கத்தோலிக்கக் குரு. நான் பழைய பட்டியலைத் தொடங்கியதும் நிறுத்தினார். "பிள்ளை, இது முந்திச் சொன்னதுதானே?" என்றார். ஓம் என்றேன். "அப்ப இனிமேல் அதைச் சொல்லாதேங்கோ. சொல்ல மனம் வந்தாலும் சொல்லாதேங்கோ. அதுதான் உங்களுக்கு நான் தாற தண்டனை." எனக்கு அது பயங்கரமாக இருந்தது. சொல்லாமல் விடுவது எனக்குச் செபமாலை ஐம்பது சொல்வதைவிடக் கஷ்டம். அவர் இன்னொன்றும் சொன்னார்: ஒரு மனநல வைத்தியரிடம் காட்டுங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை என்று. போனேன். இரண்டும் சேர்ந்துதான் என்னைச் சுகப்படுத்தின.

உரோமையர் எட்டாம் அதிகாரத்தில், மறுபடி பயப்படுவதற்கு அடிமையின் ஆவியை நீங்கள் பெறவில்லை, அப்பா என்று கூப்பிடுகிற பிள்ளையின் ஆவியைப் பெற்றீர்கள் என்று வருகிறது. நான் அதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். முழங்கால் படியிட்டு ஒன்றும் கேட்காமல், ஒன்றும் விளக்காமல், சும்மா இருக்க முடிந்த நாளில்தான் அது எனக்கு நடந்தது. இப்போதும் பயம் சில நாட்களில் எட்டிப் பார்க்கும். அப்போது நான் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுவதில்லை. தோட்டத்தில் கத்தரிக்கு நீர் விடப் போவேன்.

சில்லாலையிலிருந்து

எங்கள் ஊரில் புனித யோசேப் வாஸ் தங்கியிருந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலம். அவர்களிடம் உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார், அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்துக் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். அவர் சிறைக்குள்ளும் செபித்துக்கொண்டிருந்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சனம் நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, அவர் ஓடாமல் நின்று அவர்களைக் கழுவித் துடைத்துப் பராமரித்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் ஊர்ச் சனமும் போயிருந்தது.

சிறைக்குள்ளும் விடுதலையாக இருந்தவர் என்று மறையுரையில் அடிக்கடி சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், என் தம்பி கேட்கும்வரை. அவன் போர் முடிந்த 2009க்குப் பிறகு தடுப்பு முகாமில் இருந்தவன். சாக்கு நூலை இழுத்து முடிச்சுப் போட்டுச் செபமாலை செய்து வைத்திருந்தான். பக்கத்தில் படுத்த சைவப் பெடியன் ஒருவன் தனக்கும் ஒன்று கேட்க, அவனுக்கும் முடிந்து கொடுத்தானாம். அந்தச் செபம் இல்லாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்பான். ஆனால், "அக்கா, அங்கே மனதுக்குள் சுதந்திரமாக இருந்தேன் என்று ஒருவருக்கும் சொல்லிவிடாதே. கதவைப் பூட்டி வைத்தவனுக்கு அது வசதியாகப் போய்விடும்" என்றான்.

அதை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

பருத்தித்துறையிலிருந்து

'விடுதலை' என்ற பேரிலேயே கட்டிப்போடுவதும் நடக்கிறது. என் தங்கச்சியின் மகனுக்கு வலிப்பு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் ஜெபக் கூட்டத்தில் தலையில் கை வைத்து, முழு விடுதலை கிடைத்துவிட்டது, இனி மாத்திரை குடித்தால் அது அவிசுவாசம் என்றார். தங்கச்சி நிறுத்திவிட்டாள். ஒரு கிழமைக்குள் பிள்ளைக்குத் தொடர்ந்து வலிப்பு வந்து, மச்சான்தான் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். பிள்ளை பிழைத்தான். தங்கச்சிதான் பிறகு உடைந்துபோனாள். பிள்ளைக்கு வந்தது தன் விசுவாசக் குறைவினால் என்று அழுதாள். அந்தக் கூட்டத்துக்குப் போகுமுன் அவளுக்கு இருந்தது ஒரு சுமை, மகனின் வருத்தம். போய் வந்த பிறகு இரண்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவளைத் தூக்கி நிறுத்தியவரும் ஒரு பெந்தகொஸ்தே போதகர்தான். வீட்டுக்கு வந்து, மாத்திரைப் பெட்டியைக் கையில் எடுத்து, அதற்காக நன்றி சொல்லி ஜெபித்தார். பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர், தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் குடி என்று. இதையெல்லாம் எடுத்துச் சொன்னார். எங்கள் நாட்டுக்கு மிஷனரிமார் வந்தபோதும் அப்படித்தான். டாக்டர் கிறீன் 1848இல் மானிப்பாயில் வைத்தியத்தைத் தொடங்கி, தமிழிலேயே எங்கள் பெடியன்களுக்கு மருத்துவம் படிப்பித்தார். ஆஸ்பத்திரியையும் ஜெபத்தையும் அவர் எதிரெதிராக வைக்கவில்லை. மகன் இப்போது மாத்திரையோடு பள்ளிக்கூடம் போகிறான். தங்கச்சி அந்தப் போதகரின் சபைக்குப் போகிறாள்.

உரும்பிராயிலிருந்து

நான் சைவன், ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியின் அக்கா குடும்பம் கிறிஸ்தவர்கள், அதனால் இதைப் படித்துக்கொண்டு வருகிறேன். ஒரு கேள்வி. எங்களுக்குக் கட்டு என்பது பாசம். அதில் மூலமானது ஆணவம். உயிரோடு அநாதியாய், தொடக்கமே இல்லாமல், ஒட்டியது, சிவனின் அருளால்தான் அதன் வலிமை அடங்கும். முத்தியிலும் உயிர் சிவனாகிவிடாது, திருவடியின் கீழ் நிற்கும். உங்களுக்குப் பாவம் அநாதியா? அது போன பிறகு உயிர் யாருக்குக் கீழ்?

மானிப்பாயிலிருந்து

ஐயா, நான் ஊழியத்திலிருந்து ஓய்வுபெற்றவன், பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அநாதி இல்லை. கடவுள் படைத்தது நல்லது என்றுதான் ஆதியாகமம் தொடங்குகிறது, பாவம் பிறகு நுழைந்தது. ஆனால் நுழைந்தது விருந்தாளியாக இல்லை. உரோமர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் அதை எசமான் என்கிறார். அதனால் நாங்கள் விரும்புவதை எல்லாம் செய்வது அவருக்கு விடுதலை இல்லை, விரும்புவதே அந்த எசமானின் கையில் இருக்கும்போது. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறது: பாவத்திலிருந்து விடுதலையானவர்கள் தேவனுக்கு அடிமைகளானார்கள் என்கிறார். திருவடியின் கீழ் நிற்பது என்று நீங்கள் சொன்னது எனக்கு அந்நியமாகப் படவில்லை. வித்தியாசங்கள் உண்டு, அவற்றை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. எங்களுக்கு அந்த அருள் சிலுவையில் ஒரு நாளில், ஒரு மனிதரில் நடந்தது.

1520இல் லூத்தர் இதை இரண்டு வரியாக எழுதினார். கிறிஸ்தவன் எவருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல. கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியன். இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். அச்சுவேலித் தம்பி எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைச் சேர்க்கிறேன்: முதல் வரியை ஒருநாளும் கேட்டிராதவருக்கு இரண்டாவது வரியைப் பிரசங்கிப்பது பாவம். அவருடைய அம்மம்மாவுக்கு முதல் வரிதான் நற்செய்தி.

சில்லாலை மகளுக்கும் ஒன்று. பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் அடித்துத் தொழுமரத்தில் கால்களை மாட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, கட்டுகள் கழன்றன. அவர்கள் ஓடவில்லை. கைதிகள் தப்பினார்கள் என்று எண்ணித் தன்னையே கொல்லக் கத்தியை உருவிய சிறைக்காவலனை, ஒன்றும் செய்யாதே, நாங்கள் எல்லாரும் இங்கே இருக்கிறோம் என்று தடுத்தார்கள். இதைத்தான் நாங்கள் பிரசங்கிப்போம். விடிந்த பிறகு நடந்ததை விட்டுவிடுவோம். இரகசியமாக விடுதலை செய்து அனுப்பிவிடுகிறோம் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது பவுல் மறுத்தார். விசாரியாமல் எல்லாருக்கும் முன்னால் எங்களை அடித்தீர்கள், நாங்கள் ரோமக் குடிமக்கள், அவர்களே வந்து வெளியே கூட்டிப் போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து வந்து கேட்டுக்கொண்டார்கள். உங்கள் தம்பி சொன்னது பவுலுக்குத் தெரிந்திருந்தது.

நவாலியிலிருந்து

கடைசிப் பதிவைப் பார்த்ததால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

1995 யூலை 9 எங்கள் தேவாலயத்தில் என்ன நடந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இராணுவ நடவடிக்கை தொடங்கி, வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்து புனித பேதுரு பாவிலு தேவாலயத்திலும் அருகில் முருகமூர்த்தி கோயில் வளவிலும் களைத்துப்போய் இருந்தார்கள். விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். என் அக்கா அதில் ஒருவர். தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றவர்.

அதற்குப் பிறகு ஒக்ரோபர் கடைசியில் முழு ஊரும் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது நானும் நடந்தேன். திரும்பி வந்து பூசைக்கும் போனேன். ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில், எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல என்ற வரி வரும்போது வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மன்னித்துவிடு, மன்னித்தால் உனக்கு விடுதலை என்று பலர் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கும் அங்கே ஆள் சாகவில்லை.

ஒரு கன்னியாஸ்திரி அம்மா மட்டும் வேறு மாதிரிச் சொன்னார். "சொல்ல ஏலாட்டி அந்த வரியைச் சொல்ல வேண்டாம். உங்களிட்ட இருக்கிறதைச் சொல்லுங்கோ" என்று, திருப்பாடல் 137ஐக் காட்டினார். பாபிலோன் ஆற்றங்கரையில் இருந்து அழுத சனத்தின் பாட்டு. ஊரை விட்டு நடந்தவனுக்கு அதன் தொடக்கம் விளங்கும். அதன் முடிவை, எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவன் பேறுபெற்றவன் என்ற வரியை, கோயிலில் யாரும் வாசிப்பதில்லை. நான் வீட்டில் தனியே வாய்விட்டு வாசித்தேன். இந்த ஆத்திரமும் வேதத்துக்குள் இருக்கிறதே, இதையும் கடவுள் கேட்டுக்கொண்டு இருந்தாரே என்று இருந்தது. பல இரவு வாசித்தேன். ஒருநாள் அந்தக் கடைசி வரிக்கு வந்தபோது, எனக்கு அது வேண்டாம் என்று தெரிந்தது. விமானம் ஓட்டியவனின் பிள்ளைக்கு ஒன்றும் நடக்க வேண்டாம். யாரும் சொல்லிக் கொடுத்து வரவில்லை.

அந்த வரியை இப்போது பூசையில் சொல்கிறேன். சொல்ல முடியாத நாளும் வரும், அன்றைக்குச் சொல்ல மாட்டேன். அந்த மனிதனை எண்ணாமல் நித்திரைக்குப் போகிறேன், அது எனக்குக் கிடைத்தது. அதோடு எல்லாம் தீர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்பதை நான் விடவில்லை. ஒவ்வொரு யூலை 9ஆம் திகதியும் நினைவுப் பூசைக்குப் போகிறேன். விசாரணை வேண்டும் என்று கடிதம் எழுதினால் கையெழுத்தும் வைக்கிறேன். முன்பு கை நடுங்கும், இப்போது நடுங்குவதில்லை.